உழைக்க இடமுண்டு, உரைக்க இடமில்லை

புது தில்லி: கொரோனா பரவலுக்கு இடையே நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் 2020 செப்டம்பர் 14-ஆம் தேதி தொடங்கியபோது, மக்களவையில் ஒரு கேள்வி எழுப்பப்பட்டது. பொதுமுடக்கக் காலத்தில் சொந்த ஊர் திரும்பும் வழியில் உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்பதே அது. அப்போது தொழிலாளர் நலத்துறை அமைச்சராக இருந்த சந்தோஷ் கங்வார் அளித்த எழுத்துபூர்வ பதிலில், அத்தகைய விவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தெரிவிக்கப்பட்டது. ஊர் திரும்பியோரின் எண்ணிக்கை மட்டும் அவையில் வைக்கப்பட்டது. அது 1,04,66,152.

எதிர்க்கட்சிகள் அந்தப் பதிலைக் கடுமையாகச் சாடின. ஆனால், அந்தப் பதிலுக்குள் இருந்த வேறொரு உண்மை அதிகம் பேசப்படவில்லை. ஒருவரது இறப்பைப் பதிவு செய்ய வேண்டுமானால், முதலில் அவரது இருப்பை யாரேனும் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு கோடிக்கும் அதிகமானோர் எந்த ஊர்களிலிருந்து புறப்பட்டார்களோ, அந்த ஊர்களின் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் அவர்களைப் பற்றிய ஏடு ஏதும் இல்லை. கட்டடம் கட்டியவர்கள், சாக்கடை தோண்டியவர்கள், ஆலைகளில் இரவுப் பணி பார்த்தவர்கள் என அவர்களை ஊர் அறிந்திருந்தது; ஊராட்சி அறிந்திருக்கவில்லை.

அதன்பின் சட்டங்கள் மாறின, திட்டங்கள் வந்தன, தீர்ப்புகளும் வெளியாயின. புலம்பெயர்ந்தோர் பெரும் எண்ணிக்கையில் பதிவும் செய்யப்பட்டனர். ஆயினும், அவர்கள் வாழும் இடத்தின் குடிநீர், பள்ளி, மருந்தகம், குடியிருப்பு ஆகியவை குறித்து முடிவெடுக்கும் அவைகளில் அவர்களுக்கு இன்றளவும் இடமில்லை. தொழிலாளி என்றும் பயனாளி என்றும் அரசு அவர்களை ஏற்றுக்கொண்டுள்ளது. குடியிருப்பாளர் என்று ஏற்றுக்கொள்ளவில்லை.

சட்டம் கண்ட தொழிலாளி

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கென முதல் தனிச்சட்டம் 1979-இல் இயற்றப்பட்டது. ஒப்பந்ததாரர்கள் மூலம் அழைத்துச் செல்லப்படுவோரை மட்டுமே அது கருத்தில் கொண்டது. தாமாகவே ரயிலேறி வந்து, உறவினர் அறையில் தங்கி, மறுநாள் காலை கூலி வேலைக்காகச் சாலைச் சந்திப்பில் நிற்பவர் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. 2020-இல் நிறைவேற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இந்தக் குறையைப் பெருமளவு நீக்கியது. தாமாக வந்து வேலையில் சேர்ந்தவரும் இப்போது புலம்பெயர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறார். எனினும், மாத ஊதியம் 18,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு.

உச்சநீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்த வழக்கில் 2021 ஜூன் 29-ஆம் தேதி அளித்த தீர்ப்பு, "ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை" திட்டத்தை எல்லா மாநிலங்களும் அந்த ஆண்டு ஜூலை 31-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என ஆணையிட்டது. 2022 ஜூனில் அசாம் இணைந்ததுடன் அத்திட்டம் நாடு முழுவதையும் எட்டியது. அமைப்புசாராத் தொழிலாளருக்கான "இ-ஷ்ரம்" இணையதளம் 2021 ஆகஸ்ட் 26-இல் தொடங்கப்பட்டு, 30 கோடிக்கும் அதிகமானோர் அதில் பதிவாகியுள்ளனர்.

இவை சாதாரணமான மாற்றங்கள் அல்ல. பிகாரின் மதுபனியில் வழங்கப்பட்ட குடும்ப அட்டைக்குத் திருப்பூரில் அரிசி கிடைக்க வழி செய்திருப்பது பெரிய முன்னேற்றமே. ஆனால், அந்த நியாயவிலைக் கடை மாலையில் மூடப்பட்டு விடுவதால் ஆலைத் தொழிலாளி வாங்க முடியவில்லை என்றால், அதை எந்த அவையில் யாரிடம் அவர் சொல்வது? அட்டையை ஊர் ஊராக எடுத்துச் செல்லலாம். குரலை எடுத்துச் செல்ல வழி இல்லை.

கிராம சபையின் கதவு

இந்நிலைக்கு அடிப்படைக் காரணம் அரசியல் சாசனத்திலேயே உள்ளது. 73-ஆவது திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட 243-ஆவது பிரிவு, கிராம சபை என்பதற்கு அளிக்கும் விளக்கம் தெளிவானது. அந்தக் கிராமத்துக்குரிய வாக்காளர் பட்டியலில் பதிவு பெற்றவர்களைக் கொண்ட அமைப்பே கிராம சபை. ஊரில் பத்தாண்டுகள் வாழ்ந்தவரானாலும், பட்டியலில் பெயர் இல்லையேல் அவர் சபை உறுப்பினர் அல்லர்.

நகரங்களின் நிலையும் இதை ஒத்ததே. 74-ஆவது திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகராட்சிப் பகுதிகளில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்கிறது. அக்குழுக்களின் அமைப்பைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றங்களுக்கே விட்டிருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திப் புலம்பெயர்ந்தோருக்கு இடமளிக்க மாநிலங்கள் முனைந்ததில்லை. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, நகர்ப்புறங்களில் முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. நல்ல முயற்சியாகப் பாராட்டப்பட்ட இந்தச் சபைகளும் வாக்காளர்களை அடித்தளமாகக் கொண்டவையே.

எனவே, வாக்காளர் பட்டியல் என்பது தேர்தல் நாளுக்கு மட்டும் உரிய ஏடு அன்று. தெருவிளக்கு முதல் கழிவுநீர்க் குழாய் வரை பேசுவதற்கான அனுமதிச் சீட்டும் அதுவே.

இதில் பணமும் அடங்கியுள்ளது. 15-ஆவது நிதி ஆணையம் உள்ளாட்சிகளுக்கான மானியத்தை மாநிலங்களிடையே பகிர்ந்தபோது, மக்கள்தொகைக்கு 90 சதவீதமும் பரப்பளவுக்கு 10 சதவீதமும் முக்கியத்துவம் அளித்தது. அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு. அந்தக் கணக்கெடுப்பின்படியே, ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தோர் 45 கோடிக்கும் அதிகம். திருமணத்தால் ஊர் மாறிய பெண்களும், மாநிலத்துக்குள்ளேயே இடம் மாறியவர்களும் இதில் பெரும்பான்மையினர் என்றாலும், வேலை தேடி மாநில எல்லை கடந்தோரின் எண்ணிக்கை அதன்பின் பெருகியே வந்துள்ளது. 2011-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் சென்றதாக 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டது. 2011-க்குப் பின் வந்து குடியேறியவர்களுக்கும் குடிநீரும் குப்பை அகற்றலும் அந்தந்த நகராட்சியே வழங்க வேண்டியிருக்கிறது. ஆனால், அவர்கள் பெயரால் நிதியும் வருவதில்லை. வார்டு உறுப்பினருக்கு வாக்கும் கிடைப்பதில்லை. நிதியும் வாக்கும் தராத ஒரு குடியிருப்புக்குக் குழாய் போடுவதில் எந்த வார்டு உறுப்பினருக்கும் அவசரம் இருப்பதில்லை.

இரு பட்டியல்களுக்கு இடையே

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது குறித்த விதி, 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் உள்ளது. 19-ஆவது பிரிவின்படி, ஒருவர் ஒரு தொகுதியில் "வழக்கமாக வசிப்பவராக" இருக்க வேண்டும். 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவு பெறக் கூடாது. 20-ஆவது பிரிவோ, ஓரிடத்திலிருந்து தற்காலிகமாக வெளியே சென்றிருப்பதால் மட்டும் ஒருவர் அங்கு வசிப்பவர் என்ற தகுதியை இழந்துவிட மாட்டார் என்று பாதுகாப்பு அளிக்கிறது.

தற்காலிகம் என்றால் எத்தனை மாதங்கள்? சட்டம் சொல்லவில்லை. ஆண்டில் எட்டு மாதங்கள் பஞ்சாபின் வயல்களிலோ சூரத்தின் தறிக்கூடங்களிலோ கழித்துவிட்டு, விழாவுக்கும் அறுவடைக்கும் ஊர் திரும்புபவர் எந்த ஊரில் வழக்கமாக வசிப்பவர்? இக்கேள்விக்கு விடை காணும் பொறுப்பு, கையில் படிவத்துடன் வீடு வீடாகச் செல்லும் வாக்குச்சாவடி நிலை அலுவலரின் தலையில் விழுகிறது.

அதன் விளைவை 2025 வெளிச்சம் போட்டுக் காட்டியது. பிகாரில் அந்த ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி தேர்தல் ஆணையம் அறிவித்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் முடிவில், ஆகஸ்ட் 1-இல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவர்களில் ஏறத்தாழ 36 லட்சம் பேர் நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் என வகைப்படுத்தப்பட்டனர். எஞ்சியோர் இறந்தவர்கள் என்றும், வேறிடத்தில் பதிவு பெற்றவர்கள் என்றும் கூறப்பட்டது. இறந்தவர் பெயரையும் இரட்டைப் பதிவையும் நீக்குவதில் எவருக்கும் மாறுபட்ட கருத்து இருக்க முடியாது. ஆனால், "காணப்படாதவர்" என்ற சொல்லுக்குள் வேலைக்காக வெளியூர் சென்றவர் எத்தனை பேர் என்பதே உச்சநீதிமன்றம் வரை சென்ற வாதத்தின் ஒரு பகுதி.

தேர்தல் ஆணையத்தின் தரப்பும் புறந்தள்ளத் தக்கதல்ல. வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தவர் புதிய முகவரியில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் படிவம் உண்டு. பழைய இடத்தில் பெயர் நீடித்தால் முறைகேட்டுக்கு வழி ஏற்படும் என்பதே அதன் வாதம். சட்டப்படி இது சரியானது. நடைமுறையில், புதிய ஊரில் பெயர் சேர்க்க வசிப்பிடச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தமோ மின் கட்டண ரசீதோ இல்லாமல், ஒரே அறையில் பலராக, ஆலை விடுதியிலோ கட்டுமானத் தளத்துத் தகரக் கொட்டகையிலோ தங்குபவரிடம் அது இருப்பதில்லை. பழைய ஊரில் இல்லாததால் பெயர் நீங்குகிறது. புதிய ஊரில் இருப்பதை மெய்ப்பிக்க இயலாததால் பெயர் சேர்வதில்லை.

இது வடமாநிலத்தவரின் சிக்கல் மட்டும் அன்று. தமிழ்நாட்டில் இதே திருத்தப் பணிக்குப் பின் 2025 டிசம்பர் 19-ஆம் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. அவற்றில் ஏறத்தாழ 66 லட்சம், முகவரி மாறியவர்கள் என்ற வகையைச் சேர்ந்தவை. உரிமை கோரவும் ஆட்சேபம் தெரிவிக்கவும் அதன்பின் கால அவகாசம் அளிக்கப்பட்டது என்பது உண்மையே. எனினும், தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கும், வறண்ட வட்டங்களிலிருந்து திருப்பூருக்கும் சென்ற தமிழர்களும் இதே இடைவெளியில்தான் நிற்கிறார்கள்.

துபையில் இருப்பவருக்கு உள்ள உரிமை

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். 2010-இல் நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி 20ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலை, கல்வி உள்ளிட்ட காரணங்களால் வெளிநாட்டில் வாழும், வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியர், தமது கடவுச்சீட்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் வாக்காளராகப் பதிவு பெறலாம். துபையில் பத்தாண்டுகள் பணியாற்றுபவரின் பெயர் அவரது சொந்த ஊர்ப் பட்டியலில் சட்டப்படி நிலைத்திருக்கும். தில்லியில் பத்து மாதங்கள் பணியாற்றும் தர்பங்காவாசிக்கு அத்தகைய தனிப் பாதுகாப்பு கிடையாது.

வெளிநாட்டு இந்தியர் பிறர் மூலம் வாக்களிக்க வகை செய்யும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. 16-ஆவது மக்களவை கலைந்ததும் அது காலாவதியாயிற்று. உள்நாட்டில் புலம்பெயர்ந்தோருக்காக அந்த அளவுக்கு முன்னேறிய மசோதா எதுவும் இல்லை.

தொலைதூர மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் என்ற திட்டத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பர் இறுதியில் அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகளின் வாக்குகளைப் பதிவு செய்ய முடியும் என்றும் கூறியது. 2023 ஜனவரி 16-ஆம் தேதி தில்லியில் அரசியல் கட்சிகளுக்கு அதைச் செயல்படுத்திக் காட்ட ஏற்பாடு செய்யப்பட்டது. புலம்பெயர்ந்தோர் யார் என்ற வரையறை என்ன, வேறு மாநிலத்தில் வாக்குச்சாவடி முகவர்களை நியமிப்பது எப்படி, தேர்தல் நடைபெறாத மாநிலத்தில் நடத்தை விதிகளை யார் அமல்படுத்துவது எனக் கட்சிகள் வினா எழுப்பின. எதிர்க்கட்சிகள் பலவும் திட்டத்தை எதிர்த்தன. 2024 மக்களவைத் தேர்தலில் அந்த இயந்திரம் பயன்படுத்தப்படவில்லை.

ஆனால், வெளியூரிலிருந்து வாக்களிப்பது இந்தியாவில் நடக்காத காரியம் அன்று. காஷ்மீர் பள்ளத்தாக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருக்காக ஜம்முவிலும் உதம்பூரிலும் தில்லியிலும் சிறப்பு வாக்குச்சாவடிகள் பல தேர்தல்களாக அமைக்கப்பட்டு வருகின்றன. மிஸோரமிலிருந்து வெளியேறித் திரிபுரா முகாம்களில் வாழ்ந்த புரூ பழங்குடியினர், 2020 ஜனவரி 16-ஆம் தேதி கையெழுத்தான உடன்பாட்டின் மூலம் திரிபுராவிலேயே குடியமர்த்தப்பட்டு, அம்மாநில வாக்காளர்களாயினர். அரசு விரும்பினால் இரு வழிகளையும் திறக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

தில்லியும் கேரளமும்

புலம்பெயர்ந்தோர் வாக்காளரானால் என்ன நிகழும் என்பதைத் தலைநகரிலேயே காணலாம். பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த "பூர்வாஞ்சலிகள்" தில்லியின் பெரும் வாக்கு வங்கிகளில் ஒன்று. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், சட் பூஜைக்குப் படித்துறைகள் அமைப்பதில் அக்கறை காட்டுகிறது. வடகிழக்கு தில்லித் தொகுதியில் போஜ்புரிப் பாடகரும் நடிகருமான மனோஜ் திவாரி 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் பாரதிய ஜனதா கட்சி சார்பில் வென்றார். 2024-இல் அவரை எதிர்த்து காங்கிரஸ் நிறுத்திய கன்னையா குமார் பிகாரின் பேகுசராயைச் சேர்ந்தவர். வந்தேறிகள் என ஒரு காலத்தில் இகழப்பட்டவர்களின் ஆதரவைப் பெற, இரு பெரிய கட்சிகளும் அவர்களிடையே இருந்தே வேட்பாளரைத் தேட வேண்டிய நிலை உருவாயிற்று. அனுமதியற்ற குடியிருப்புகளில் உடைமை உரிமை வழங்குவது தில்லித் தேர்தல்களின் மையப் பொருளானதும் இதனாலேயே.

அதே தில்லியில், பட்டியலில் பெயர் இல்லாததன் விலையையும் காணலாம். தில்லியின் 2015-ஆம் ஆண்டுக் குடிசைவாசிகள் மறுவாழ்வுக் கொள்கையின்படி, 2015 ஜனவரி 1-க்கு முன் கட்டப்பட்ட குடிசையில் வசிப்பவரே மாற்று வீட்டுக்குத் தகுதி பெறுவார். அதற்குரிய நிபந்தனைகளுள் ஒன்று, 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களுள் ஒன்றிலேனும் பெயர் இருக்க வேண்டும் என்பது. ஜங்புரா அருகே பாராபுல்லா வடிகாலை ஒட்டித் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்துவந்த "மதராஸி கேம்ப்" குடியிருப்பு, உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களே தகுதி பெற்றவையாக அறிவிக்கப்பட்டு, நகரின் வட எல்லையிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. எஞ்சியோர் தலைநகரில் புதிதாகத் தங்குமிடம் தேட வேண்டியதாயிற்று. சொந்த ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. தலைமுறைகளாக உழைத்த நகரில் ஒரு கூரைக்கான உரிமையை, ஆவணங்களும் பட்டியல்களும் தீர்மானித்தன.

கேரளம் சென்ற வழி வேறு. அம்மாநிலத்தில் சுமார் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர் இருப்பதாக 2013-இல் குலாட்டி நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. 2010-இலேயே அவர்களுக்கென நலத்திட்டத்தைக் கேரள அரசு கொண்டுவந்தது. 2017-இல் "ஆவாஸ்" காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் பெரும்பாவூரில் எழுத்தறிவு இயக்கத்தின் "சங்ஙாதி" திட்டம், தொழிலாளருக்கு மலையாளம் கற்பிக்க முற்பட்டது. எர்ணாகுளம் மாவட்டத்தின் "ரோஷ்ணி" திட்டம், இந்தியும் வங்காளமும் ஒடியாவும் அறிந்த தன்னார்வலர்களைக் கொண்டு அவர்களது பிள்ளைகளைப் பள்ளிகளில் நிலைநிறுத்தியது. பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 600-க்கும் மேற்பட்டோர் தங்கும் விடுதியும் கட்டப்பட்டது. "விருந்தினர் தொழிலாளர்" என்ற மரியாதைச் சொல்லையும் அரசு வழக்குக்குக் கொண்டுவந்தது.

2020 மார்ச் 29-ஆம் தேதி கோட்டயம் மாவட்டம் பாயிப்பாட்டில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் ஊர் திரும்ப வாகனம் கேட்டுச் சாலையில் திரண்டபோது, அந்த மரியாதையின் எல்லையும் வெளிப்பட்டது. நாட்டில் அப்போது அரசுகள் நடத்திய 22,567 நிவாரண முகாம்களில் 15,541 கேரளத்தில் இருந்ததாக மத்திய அரசு உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. அத்தனை முகாம்களை நடத்திய மாநிலத்திலும், தொழிலாளர் தம் குறையைச் சொல்லத் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. விருந்தினருக்கு உணவு உண்டு. குடும்பத்தின் ஆலோசனையில் அவருக்கு இடம் இல்லை. தில்லி வாக்கு அளித்து, வாக்கு இல்லாதவரை விட்டுவிட்டது. கேரளம் சேவை அளித்து, வாக்கைப் பற்றிப் பேசவில்லை.

அச்சமும் விடையும்

புலம்பெயர்ந்தோருக்கு உள்ளூர் அவைகளில் இடமளிப்பதற்கு எதிரான வாதம் வலுவானது. அதைக் குறுகிய மனப்பான்மை என ஒதுக்கிவிட முடியாது. மொழியும் பண்பாடும் அரசியல் சமநிலையும் மாறிவிடும் என்ற கவலை பல மாநிலங்களில் உள்ளது. பிகாரைச் சேர்ந்த பல லட்சம் பேர் தமிழ்நாட்டில் வாக்காளர்களாகச் சேர்க்கப்படுவதாக 2025 ஆகஸ்டில் முன்னாள் மத்திய அமைச்சர் ப. சிதம்பரம் ஆட்சேபம் எழுப்பினார். தேர்தல் ஆணையம் அதை மறுத்தது. வேலைவாய்ப்பிலும் இதே கவலை சட்டமாக உருவெடுத்தது. தனியார் நிறுவனப் பணிகளில் 75 சதவீதத்தை மண்ணின் மைந்தர்களுக்கு ஒதுக்கிய ஹரியாணா சட்டத்தைப் பஞ்சாப் - ஹரியாணா உயர்நீதிமன்றம் 2023 நவம்பர் 17-ஆம் தேதி ரத்து செய்தது. நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் குடிமக்களுக்குள்ள உரிமை, சாசனத்தின் 19-ஆவது பிரிவில் உறுதி செய்யப்பட்டது.

ஆனால், விலக்கி வைப்பதால் ஊருக்குப் பாதுகாப்பு கூடுகிறதா? 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. பீதியில் பலர் ஊர் திரும்பினர். ஆலைகள் ஆளின்றித் தவித்தன. பிகார் அரசு அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கு வந்து நிலைமையை நேரில் அறிந்தது. வதந்தி பரப்பியோர் மீது தமிழகக் காவல்துறை வழக்குப் பதிந்தது. அந்த நாள்களில் நிர்வாகம் தொழிலாளரின் விடுதிகளைத் தேடிச் சென்று நம்பிக்கை அளிக்க வேண்டியிருந்தது. வார்டு அளவில் அவர்களோடு முன்பே பேச்சுவார்த்தை இருந்திருந்தால், வதந்தியை மறுக்க அவர்களிடையே இருந்தே குரல்கள் எழுந்திருக்கும்.

புலம்பெயர்ந்தோர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். குடும்பத்துடன் வந்து, பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் தங்கியவர் இவ்வூர்க்காரரே. அவருக்கு இங்கு வாக்கு வேண்டும். சில மாதங்கள் உழைத்துவிட்டுத் திரும்புபவரின் மனமும் நிலமும் குடும்பமும் அங்கேயே இருப்பதால், அவரது வாக்கு சொந்த ஊரில் காக்கப்பட வேண்டும். 2025 பிகார் சட்டப்பேரவைத் தேர்தலை, ஊர் வந்தவர்கள் திரும்பிச் செல்லும் முன் சட் பூஜையை ஒட்டி நடத்துமாறு கட்சிகள் கேட்டுக்கொண்டதும், நவம்பர் 6, 11 தேதிகளில் வாக்குப்பதிவு நடந்ததும் இத்தகையோரின் எண்ணிக்கை எத்தகையது என்பதை உணர்த்தும்.

இவ்விரு வகையினருக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. தாம் இப்போது வாழும் தெருவைப் பற்றிப் பேச ஓர் இடம். அதற்கு வாக்காளர் அடையாள அட்டை தேவையில்லை.

திறந்தே இருக்கும் இரு கதவுகள்

அத்தகைய இடங்களை நாடாளுமன்றம் ஏற்கெனவே இருமுறை உருவாக்கியுள்ளது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உள்ளாட்சியின் கடமையாக 9-ஆவது பிரிவில் வகுத்தது. 21-ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அந்தப் பெற்றோர் அவ்வூர் வாக்காளராக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளை அப்பள்ளியில் படித்தால் போதும். ஜார்க்கண்ட் தாயொருவர் திருப்பூர்ப் பள்ளியின் குழுவில் உறுப்பினராவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டமும் அவ்வாறே. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடம் வியாபாரிகளுக்கு உரியது. அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு உரியது. இங்கும் தகுதி தருவது தொழிலே; பிறந்த ஊர் அன்று.

இவ்விரு சட்டங்களும் காட்டும் நெறி எளியது: ஒரு முடிவு யாரைப் பாதிக்கிறதோ, அவருக்கு அந்த முடிவில் இடம் வேண்டும். இதை வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விரிவுபடுத்த அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. வார்டு குழுவின் அமைப்பை மாநிலச் சட்டமன்றமே தீர்மானிக்கலாம். தொழிலாளர் நெருங்கி வாழும் வார்டுகளில், குறிப்பிட்ட காலம் வசித்தவருக்கு வாக்களிக்கும் உரிமை இல்லாவிட்டாலும் பேசும் உரிமையுள்ள இடத்தை அளிக்கலாம். சபை அறிவிப்புகளை அவர்கள் அறிந்த மொழியிலும் வெளியிடலாம். ஆலை விடுதியில் தங்கியிருப்போருக்கு, நிறுவனம் தரும் சான்றை வசிப்பிட ஆதாரமாக ஏற்கலாம்.

2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாகக் கொண்டு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தப்படும் என மத்திய அரசு 2025 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டது. யார் எங்கே எண்ணப்படுகிறார் என்பதைப் பொறுத்தே நாளைய நிதியும் தொகுதிகளும் அமையும். நாட்டின் நகரங்களைக் கட்டி எழுப்பியவர்கள் அந்த நகரங்களின் கணக்கில் சேர்வார்களா என்பதை அக்கணக்கெடுப்பு சொல்லிவிடும். அவர்கள் அந்த நகரங்களின் அவைகளில் சேர்வார்களா என்பதை மாநிலச் சட்டமன்றங்களே முடிவு செய்ய வேண்டும். அடுத்த முறை நாடாளுமன்றத்தில் அவர்களைப் பற்றிக் கேள்வி எழும்போது, விவரம் இல்லை என்ற பதில் மீண்டும் வராதிருக்க வேண்டுமானால், அந்த விவரம் தொடங்க வேண்டிய இடம் தில்லி அன்று. அவர்கள் வாழும் வார்டு.